சேற்றுப் பாதைக்கு எந்த டயர்?

ஐப்பசி மழை தொடங்குமுன் கலப்பையையும் வரப்பையும் வடிகாலையும் செப்பனிட்டு வைப்பது நம் குடியானவர்களின் பழைய வழக்கம். இக்காலத்தில் அவ்வேலைகளோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. வண்டியின் டயர்களைப் பார்த்து வைப்பதே அது. நிலமுடையவர்களில் பலர் இன்று ஜீப்போ, பிக்கப் வண்டியோ வைத்திருக்கிறார்கள். விதை மூட்டை, உரம், பம்பு செட்டு, சந்தைக்குப் போகும் காய்கறி ஆகிய யாவும் அவற்றிலேயே போய்வருகின்றன. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிகளை வாங்குவோரும் உண்டு. அவ்விதம் வாங்கியவர்களிற் சிலர் முதற்காரியமாகச் செய்வது, வண்டியோடு வந்த டயர்களைக் கழற்றிவிட்டு, பெரிய பட்டன்கள் உள்ள ‘மட் டெரெய்ன்’ டயர்களை மாட்டுவதாகும். அது யாருக்கு அவசியம், யாருக்கு வீண் செலவு என்பதைப் பற்றி என் அபிப்பிராயத்தை எழுத விரும்புகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வருஷத்தில் எத்தனை நாள் நம் வண்டி சேற்றில் ஓடுகிறது, அது எவ்விதமான சேறு என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை கண்ட பிறகே டயர் வாங்க வேண்டும். பெரும்பாலோருக்கு நடுத்தரமான டயரும், காற்றழுத்தம் பார்க்கும் ஒரு சிறு கருவியும் போதுமானவை. எந்த டயரும் ஈர வயலில் பார வண்டியை ஓட்டுவதற்கு நமக்குக் கொடுக்கப்பட்ட உத்தரவு ஆகாது.

இது நான் பணத்தையும் கொடுத்து, அவமானத்தையும் பட்டுக் கற்றுக்கொண்ட பாடம். எங்கள் நிலம் காவிரிப் பாசனத்தைச் சேர்ந்தது. தார் ரோட்டிலிருந்து வாய்க்கால் கரை வழியாகச் சுமார் ஒரு கிலோமீட்டர் செல்ல வேண்டும். கரை முழுவதும் களிமண். சில வருஷங்களுக்கு முன் நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய ஜீப் ஒன்றை வாங்கி, அதற்குப் புதிய சேற்று டயர்கள் நான்கையும் மாட்டினேன். கடைக்காரர் அவை எந்தச் சேற்றிலும் போகும் என்று சொன்னார், நானும் நம்பினேன். அவ்வருஷம் கார்த்திகையில் மூன்று நாள் அடைமழைக்குப் பிறகு, யூரியா மூட்டைகளுடன் கரைமேல் சென்றேன். பாதி வழியில் சக்கரங்கள் நான்கும் சுழன்றனவே தவிர, வண்டி அசையவில்லை. ஆத்திரத்தில் ஆக்ஸிலேட்டரை மேலும் மிதித்தேன்; அச்சு தரையில் தட்டும் வரையில் ஜீப் கீழே இறங்கிற்று.

அப்பொழுது பக்கத்து வயலில் நாற்றுப் பறித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், முன்பு லாரி ஓட்டியவர், கரையேறி வந்து, “ஐயா, எஞ்சினை நிறுத்துங்கள். டயரில் காற்று எவ்வளவு இருக்கிறது?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பிறகு பார்த்ததில் 36 பவுண்டு இருந்தது. அவர் நான்கு டயரிலும் பாதியளவு காற்றை இறக்கச் சொன்னார். மூட்டைகளை இறக்கி, சக்கரங்களுக்கு முன்னால் வைக்கோலையும் மட்டைகளையும் இட்டார். இரண்டாவது கியரில் மெதுவாக எடுத்தவுடன் வண்டி வெளியே வந்துவிட்டது. விலையுயர்ந்த டயர் செய்யாததை, செலவில்லாத ஒரு காரியம் செய்தது. அன்று முதல் இவ்விஷயத்தைக் கவனிக்கத் தொடங்கினேன்.

சேற்று டயர் எவ்விதம் வேலை செய்கிறது என்பதை முதலில் அறிந்துகொள்வோம். அதன் பட்டன்கள் பெரியவை, உயரமானவை. அவற்றிடையே உள்ள பள்ளங்கள் அகலமானவை. பட்டன் சேற்றைத் துழாவிப் பற்றுகிறது. பள்ளத்தில் அடைந்த சேறு, சக்கரம் சுழலும் வேகத்தில் வெளியே எறியப்படுகிறது. இவ்வாறு தன்னைத்தானே சுத்தப்படுத்திக்கொள்வதே இந்த டயரின் முக்கிய குணம். பள்ளத்தில் சேறு நிறைந்து நின்றுவிட்டால், எவ்வளவு உயர்ந்த டயரும் வழுக்கை டயருக்குச் சமானம். ஓரத்திலுள்ள பட்டன்கள் வண்டித் தடத்தின் பக்கச் சுவரைப் பிடித்து ஏற உதவுகின்றன. தோள்பகுதியும் பக்கவாட்டும் தடித்திருப்பதால் கல், முள், வேர் ஆகியவற்றால் எளிதில் கிழிவதில்லை. இக்குணங்கள் யாவும் உண்மையே.

ஆனால் ஒரு குணத்தைப் பெற இன்னொன்றை விட வேண்டியிருக்கிறது. பள்ளங்கள் அகலமாக இருப்பதால் தார் ரோட்டில் படும் ரப்பர் குறைவு. ஈரத் தரையைக் கவ்விப் பிடிக்கும் மெல்லிய கீறல்களும் சாதாரண டயரைவிட அதில் குறைவு. ஆதலால் மழையில் நனைந்த தார் ரோட்டில் பிரேக் போட்டால் வண்டி நிற்பதற்கு அதிக தூரம் பிடிக்கும், திருப்பத்தில் வழுக்கும். டயரின் கனமும் அதிகமாகையால் டீசல் செலவு கூடும். ஓடும்போது இரைச்சல் உண்டு. தார் ரோட்டிலேயே ஓட்டினால் பட்டன்கள் ஒழுங்கற்றுத் தேய்ந்துவிடும். பாதி தேய்ந்த சேற்று டயர் சேற்றுக்கும் உதவாது, ரோட்டுக்கும் உதவாது என்ற நிலையை அடைகிறது.

இதையும் அனுபவத்தில் கண்டேன். அதே ஜீப்பில் மறு வருஷம் தூறலில் சந்தைக்குப் போகும்போது, பள்ளிக்கூடத்துக்கு அருகே சைக்கிளில் ஒரு சிறுவன் குறுக்கே வந்தான். பிரேக்கை அழுத்தினேன். வண்டி நிற்காமல் வழுக்கிக்கொண்டு சென்று, சைக்கிளுக்கு இரண்டடி தூரத்தில் நின்றது. பையனுக்கு ஒன்றுமில்லை, என் கை நடுக்கம் தீர வெகுநேரமாயிற்று. வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தேன். அவ்வருஷத்தில் என் ஜீப் சேற்றில் ஓடிய நாட்கள் இருபதுக்கு மேலில்லை; மற்ற நாட்களெல்லாம் தார் ரோடும் காய்ந்த மண் பாதையுந்தான். இருபது நாள் சௌகரியத்துக்காக எஞ்சிய நாட்களெல்லாம் பிறர் உயிரை அபாயத்தில் வைப்பது தருமமாகுமா? அந்த டயர்களை மாற்றிவிட்டேன்.

கடைகளில் இவ்வகை வண்டிகளுக்குப் பொதுவாக மூன்றுவித டயர்கள் கிடைக்கும். எச்.டி. எனப்படுவது ரோட்டுக்கே உரியது. எம்.டி. என்பது மேற்சொன்ன சேற்று டயர். இரண்டுக்கும் நடுவில் ஏ.டி., அதாவது ‘ஆல் டெரெய்ன்’ டயர் இருக்கிறது. இதன் பட்டன்கள் நடுத்தர அளவுள்ளவை. கிராவல் ரோடு, காய்ந்த மண் பாதை, லேசான சேறு, தார் ரோடு ஆகிய எல்லாவற்றிலும் ஒருவாறு நன்றாகவே ஓடும். நம்மில் பெரும்பாலோருக்கு இதுவே தகுதியானது. மழைக்காலம் முழுவதும் நாள்தோறும் ஆழமான சேற்றைக் கடந்தே ஆக வேண்டியவர்களும், தார் ரோட்டில் அதிகம் ஓடாதவர்களும் எம்.டி. வாங்கலாம். அவர்களுக்கு அது உழைத்த பணத்துக்கு ஏற்ற பயனைத் தரும்.

அடுத்தபடியாக மண்ணைக் கவனிக்க வேண்டும். மண்ணின் குணமறியாமல் டயர் வாங்குவது, நோயறியாமல் மருந்துண்பது போலாகும். புதுக்கோட்டை, கோயம்புத்தூர்ப் பக்கத்துச் செம்மண் பூமியில் சரளை கலந்த இடங்களில் மழை நின்ற சிறிது நேரத்தில் நீர் வடிந்துவிடும், அங்கே ஏ.டி. டயரே போதும். டெல்டாவின் களிமண் பாதையில் மேலே வழவழப்பும், கீழே பல இடங்களில் கெட்டித் தரையும் உண்டு. அங்கே சேற்றை அறுத்துக்கொண்டு கீழே இறங்கிப் பிடிக்கும் குறுகலான டயர் நன்று. கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கத்துக் கரிசல் மண்ணோ தனி ஜாதி. நனைந்தால் உப்பி, பசையைப் போலச் சக்கரத்தில் அப்பிக்கொள்ளும், எறிந்தாலும் போகாது. அந்த மண்ணில் எந்த டயரையும் நம்பாமல், மேல்மண் ஒரு நாளேனும் காயும்வரை பொறுத்திருப்பதே புத்தி. கரிசற்காட்டு மாட்டுவண்டிக்காரர்கள் இதை நெடுங்காலமாக அறிந்திருக்கிறார்கள்.

தூத்துக்குடி, திருநெல்வேலிப் பகுதிகளிலுள்ள தேரி மணலுக்கு நேர்மாறான யோசனை வேண்டும். மணலில் சேற்று டயரின் பட்டன் மண்வெட்டியைப் போலத் தோண்டி வண்டியைப் புதைத்துவிடும். அகலமான டயரில் காற்றைக் குறைத்து, மணல்மேல் மிதப்பது போலச் செல்வதே அங்கே சரியான முறை. மலைப்பிரதேசத்திலோ வேறொரு விசாரம் உண்டு. தேனி மாவட்டத்திலிருந்து இடுக்கி மலையின் ஏலத் தோட்டங்களுக்கு வேலையாட்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகளை எடுத்துக்கொள்வோம். தோட்டத்துக்குள் அவை சேற்றில் ஏறுகின்றன. ஆனால் அதற்கு முன் கொண்டையூசி வளைவுகள் கொண்ட ஈரமான மலை ரோட்டில் இறங்கியும் ஏறியும் ஆக வேண்டும். சேற்றில் சிக்கினால் ஒரு மணி நேரம் நஷ்டம்; வளைவில் வழுக்கினால் பல குடும்பங்கள் நஷ்டம். ஆகையால் அத்தகைய வண்டிக்காரர்கள் ரோட்டுப் பிடிப்பையே முதன்மையாகக் கொள்ள வேண்டும் என்பது என் துணிபு.

இனிக் காற்றழுத்தத்துக்கு வருவோம். ஒரு சக்கரத்தின்மேல் 400 கிலோ, அதாவது சுமார் 880 பவுண்டு பாரம் இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். டயரில் சதுர அங்குலத்துக்கு 32 பவுண்டு காற்றிருந்தால், அந்தப் பாரத்தைத் தாங்க ஏறக்குறைய 27½ சதுர அங்குலம் தரையில் பதிய வேண்டும். 20 பவுண்டாகக் குறைத்தால் 44 சதுர அங்குலம் பதியும். டயரின் சொந்த விறைப்பினால் இக்கணக்குச் சிறிது மாறுமெனினும், தத்துவம் இதுவே. பதியும் இடம் அகன்றால் மண் தாங்கும். சக்கரம் புதைவது குறையும்.

இவ்வுண்மை இரண்டாவது உலக மகாயுத்தத்திலேயே நன்கு அறியப்பட்டது. 1942-ல் அமெரிக்காவில் உருவாக்கப்பட்ட ‘டக்’ என்னும் நீரிலும் நிலத்திலும் செல்லும் லாரியில், ஓட்டுநர் தம் இடத்தில் இருந்தபடியே டயர்க் காற்றைக் கூட்டவும் குறைக்கவும் ஏற்பாடு செய்திருந்தார்கள். கடற்கரை மணலில் ஏறும்போது குறைத்து, கெட்டி ரோட்டை அடைந்ததும் கூட்டிக்கொள்வார்கள். அதே யுத்தத்தில் ஓடிய சிறு ஜீப்புக்கு 6.00-16 என்ற அளவுள்ள, சுமார் ஆறங்குல அகலமே கொண்ட குறுகிய டயர்கள் இருந்தன. பெரிய டயர் இல்லாமலே அது சேற்றைக் கடந்ததற்கு அதன் கனக்குறைவு ஒரு முக்கிய காரணம். நாமோ வண்டியில் அளவுக்கு மீறி மூட்டையை ஏற்றிவிட்டு, டயரைக் குறை சொல்லுகிறோம்.

காற்றைக் குறைப்பதிலும் நிதானம் வேண்டும். பாரமில்லாத ஜீப்புக்குச் சேற்றில் 20 பவுண்டு அளவு போதும். 15-க்குக் கீழே இறக்கினால், திருப்பும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடக்கூடும். மூட்டை ஏற்றிய பிக்கப் வண்டியின் பின்சக்கரங்களில் இவ்வளவு குறைக்கலாகாது. பாரத்தைக் கொஞ்சம் இறக்கிவிட்டுத் தாண்டுவதே நல்லது. குறைந்த காற்றுடன் மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுவது ஆபத்து. தார் ரோட்டை அடைந்தவுடன் காற்றைத் திரும்ப நிரப்பியே வேகமெடுக்க வேண்டும். இல்லாவிடில் டயர் சூடேறி வெடிக்கும். ஆகவே அழுத்தம் பார்க்கும் கருவியும், வண்டிப் பாட்டரியில் ஓடும் சிறு பம்பும் கைவசம் இருத்தல் அவசியம். இரண்டும் சேர்ந்தும் ஒரு புதிய டயரின் விலையாகாது.

டயர் வாங்கும்போது அதன் பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் படிக்கப் பழகிக்கொள்ள வேண்டும். 215/75 ஆர் 15 என்றிருந்தால், டயரின் அகலம் 215 மில்லிமீட்டர். அதன் உயரம் அகலத்தில் நூற்றுக்கு 75 பங்கு. ஆர் என்பது ரேடியல். ரிம்மின் விட்டம் 15 அங்குலம். அதையடுத்து 100 க்யூ என்றிருந்தால், ஒரு டயர் 800 கிலோ வரை தாங்கும். மணிக்கு 160 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டலாகாது என்று பொருள். வேறோரிடத்தில் நான்கு எண்கள் சேர்ந்து காணப்படும். 4023 என்றால் 2023-ஆம் வருஷத்தின் 40-ஆம் வாரத்தில் செய்த டயர். பல வருஷம் கிடங்கில் கிடந்து இறுகிப்போன டயரைப் புதியதென்று வாங்கி ஏமாறாதிருக்க இவ்வெண் உதவும்.

பெரிய டயர் மாட்டினால் வண்டி உயரும் என்று சிலர் மகிழ்கிறார்கள். மேற்சொன்ன 215-க்குப் பதிலாக 235/75 ஆர் 15 மாட்டினால், சக்கரத்தின் விட்டம் 30 மில்லிமீட்டர் கூடும். வண்டியின் அச்சோ 15 மில்லிமீட்டர்தான் உயரும். இந்த அரைவிரல் உயரத்துக்காக, வேகமானி 60 என்று காட்டும்போது வண்டி ஏறக்குறைய 62½ கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். எஞ்சினின் இழுப்பும் அந்த அளவுக்குக் குறையும். திருப்பும்போது டயர் உடம்பில் உரசவும் கூடும். வண்டி செய்தவர்கள் குறித்துக் கொடுத்த அளவை விட்டு விலகாதிருப்பதே நலம்.

நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிக்கு இன்னொரு விதி உண்டு. நான்கு டயர்களும் ஒரே அளவும், ஒரே மாதிரியும், ஏறக்குறைய ஒரே தேய்மானமும் உடையவையாக இருக்க வேண்டும். முன்னால் புதியதும் பின்னால் பழையதுமாக மாட்டினால், சுற்றளவு வேறுபட்டு, முன்பின் அச்சுகளை இணைக்கும் பல்சக்கரங்கள் முறுக்கேறிக் கெட்டுவிடும். ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தையும் முறைமாற்றி மாட்டி வந்தால் தேய்மானம் சமமாகும். பள்ளங்களின் அடியில் 1.6 மில்லிமீட்டர் உயரத்தில் சிறு மேடுகள் அமைந்திருக்கும். பட்டன் அம்மேட்டின் மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால், அதற்குப் பிறகு ஒரு நாளும் அந்த டயரை ஓட்டக் கூடாது.

கடைசியாக, நிலத்தையும் பாதையையும் பற்றிச் சில வார்த்தைகள். சேற்று டயர் இருக்கிறதென்ற தைரியத்தில் சிலர் ஈர வயலுக்குள்ளேயே வண்டியை விடுகிறார்கள். ஈர மண் பாரத்தால் அமுங்கினால் அதன் நுண்துளைகள் மூடிக்கொள்ளும். நீர் இறங்காது, வேர் ஓடாது. மேல்மண் அமுக்கத்தை உழவால் சரிப்படுத்தலாம். ஆழத்தில் ஏற்படும் அமுக்கமோ அச்சின் மொத்தப் பாரத்தைப் பொறுத்தது. டயரை மாற்றினாலும் அது குறையாது, பல வருஷம் மகசூலைக் குறைத்துக்கொண்டேயிருக்கும். மூட்டையைத் தலைச்சுமையாகக் கொண்டுபோகும் கூலி அந்த நஷ்டத்தைவிடக் குறைவு.

கிராம நிர்வாக அலுவலர்களுக்கும் ஊராட்சித் தலைவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். பெரிய பட்டன் டயர்கள் ஈர மண் பாதையை உழுதுவிடுகின்றன. அத்தடங்களில் நீர் தேங்கி, பாதை குட்டையாகிறது. பிறகு அவ்வழியே மாட்டுவண்டியும் போக முடியாது, குழந்தைகள் பள்ளிக்கூடமும் போக முடியாது. கேஜ் வீல் மாட்டிய டிராக்டரைத் தார் ரோட்டில் ஓட்டுவதும் இதைப் போன்ற தீங்கே. வயலில் இறங்கிய பின் மாட்டி, கரையேறுமுன் கழற்ற வேண்டும். பாதையின் நடுப்பாகத்தைச் சற்று உயர்த்தி, இருபுறமும் வடிகால் வெட்டி, பள்ளமான இடங்களில் சரளை கொட்டினால், ஊரிலுள்ள ஒவ்வொருவரும் தனித்தனியே விலையுயர்ந்த டயர் வாங்கும் அவசியமே பெரும்பாலும் நீங்கிவிடும். பலத்த மழைக்குப் பின் ஓரிரு நாட்கள் பார வண்டிகளை மண் பாதையில் விடாதிருக்க ஊரார் கூடி ஒரு கட்டுப்பாடு செய்துகொள்வதும் நன்று.

ஆழந்தெரியாமல் காலை விடாதே என்பது நம் பெரியோர் வாக்கு. சக்கரத்துக்கும் அது பொருந்தும். சேறு கண்டவிடத்தில் முதலில் இறங்கி, ஒரு கோலால் ஆழம் பார்த்து, காற்றைக் குறைத்து, தாழ்ந்த கியரில் ஒரே சீராகச் செல்லுங்கள். வழி இல்லையென்று கண்டால் திரும்பிவிடுங்கள். புதிய டயர் வாங்க எண்ணுகிறவர்கள், இவ்வருஷ மழைக்காலத்தில் தங்கள் வண்டி உண்மையில் எத்தனை நாள் சேற்றில் ஓடுகிறதென்று நாட்காட்டியில் ஒவ்வொரு நாளும் குறித்து வாருங்கள். தை மாதத்தில் அக்குறிகளை எண்ணிப் பார்த்தால், எந்த டயர் வேண்டுமென்பதைக் கடைக்காரர் சொல்லவேண்டியிராது.